இன்டேக் மேனிஃபோல்டு தேர்வு (ஷெவர்லே ஸ்மால் பிளாக் வி8)

இன்டேக் மேனிஃபோல்டு என்பது கார்புரேட்டரில் கலந்துவரும் காற்றையும் பெட்ரோலையும் சிலிண்டர்களுக்குப் பங்கிடும் வார்ப்புக் குழாய்த் தொகுதி. பெட்ரோலை ஊசிமுனையால் தெளிக்கும் இன்றைய எஞ்சின்களில் பெரும்பாலும் காற்றை மட்டும் கொண்டுசெல்லும் இது, பழைய எஞ்சின்களில் பெட்ரோல் துளிகளையும் சுமந்தது. ஆகவே மேனிஃபோல்டை மாற்றினால் எஞ்சினின் குணமே மாறும். அமெரிக்காவில் 1955 மாடல் ஆண்டில் 265 கன அங்குலக் கொள்ளளவுடன் அறிமுகமான ஷெவர்லே ஸ்மால் பிளாக் வி8, குறிப்பாக 1967-இல் வந்த அதன் 350 கன அங்குல (5.7 லிட்டர்) வடிவம், இத்தேர்வை விளக்க நல்ல எடுத்துக்காட்டு.

செயல்படும் முறை

குழாயில் காற்று வேகமாக ஓடும்வரை பெட்ரோல் துளிகள் அதில் மிதந்து செல்லும். வேகம் தளர்ந்தால் துளிகள் சுவரில் படிந்து வழியும். சில சிலிண்டர்களுக்குப் பெட்ரோல் கூடும், சிலவற்றுக்குக் குறையும். நீண்டு ஒடுங்கிய குழாய் குறைந்த சுழற்சியிலும் காற்றின் வேகத்தைக் காத்து இழுவிசை தரும். குட்டையான அகலக் குழாய் அதிகச் சுழற்சியில் தடையின்றிக் காற்று விடும். ஆனால் அதனால் மெதுவாக ஓடும்போது எஞ்சின் திணறும். இரண்டு நன்மையும் ஒரே வார்ப்பில் முழுமையாகக் கிடைப்பதில்லை.

வகைகள்

இரட்டைத் தளம்: குழாய்கள் இரண்டு தனித் தளங்களாகப் பிரிந்திருக்கும். இவ்வெஞ்சினின் எரியூட்டு வரிசை 1-8-4-3-6-5-7-2. இதில் ஒன்றுவிட்டு ஒன்றாக 1, 4, 6, 7 சிலிண்டர்கள் ஒரு தளத்திலும் 8, 3, 5, 2 மற்றதிலும் சேரும். ஒவ்வொரு தளத்திலும் 180 பாகைக்கு ஒருமுறை சீராக உறிஞ்சல் நிகழ்வதால் கார்புரேட்டருக்கு வலுவான இழுப்பு கிடைக்கும். ஐட்லிங் முதல் ஏறத்தாழ 5,500 ஆர்பிஎம் (நிமிடச் சுழற்சி) வரை ஓடும் சாலைக் கார்களுக்கு இதுவே பொருந்தும்.

ஒற்றைத் தளம்: எட்டுக் குழாய்களும் கார்புரேட்டருக்கு அடியில் உள்ள ஒரே அறையிலிருந்து பிரியும். எடல்பிராக் விக்டர் ஜூனியர் போன்றவை 3,500 முதல் 8,000 ஆர்பிஎம் வரைக்கென வார்க்கப்பட்டவை. அவற்றின் இடம் பந்தயத் தடம்.

டனல் ராம்: உயரமான நேர்க்குழாய்களும் பெரிய அறையும் கொண்டது. பெரும்பாலும் இரண்டு கார்புரேட்டர்களுடன் நேர்கோட்டுப் பந்தயங்களில் பயன்படுகிறது.

தேர்வு அளவுகோல்கள்

முதலில் அறிய வேண்டியது, எஞ்சின் அதிக நேரம் எந்தச் சுழற்சியில் ஓடுகிறது என்பதே. கேம் ஷாஃப்ட், பின் அச்சின் கியர் விகிதம், காரின் எடை மூன்றும் மேனிஃபோல்டுடன் ஒரே எல்லையில் இயங்க வேண்டும். பழைய கேம் ஷாஃப்டை அப்படியே வைத்துப் பந்தய மேனிஃபோல்டை மட்டும் ஏற்றினால், அன்றாடம் தேவைப்படும் இழுவிசை போய்விடும். அதற்கு ஈடாக வரும் குதிரைத்திறனை அந்த எஞ்சின் எட்டவே எட்டாது.

கார்புரேட்டரின் அளவைக் கணக்கிட, கன அங்குலத்தை உச்ச ஆர்பிஎம்மால் பெருக்கி 3,456-ஆல் வகுப்பார்கள். 350 எஞ்சின் 5,500-இல் ஓடினால் நிமிடத்துக்கு 557 கன அடி. சிலிண்டர் நிரம்பும் திறன் 85 விழுக்காடு என்றால் சுமார் 475. ஆக, 600 கன அடிக் கார்புரேட்டரே தாராளம். கார்புரேட்டரின் அடித்தளமும் மேனிஃபோல்டுடன் ஒத்துப்போக வேண்டும். 1965-இல் வந்த ரோச்செஸ்டர் குவாட்ராஜெட்டின் முன்துளைகள் சிறியவை, பின்துளைகள் பெரியவை. ஹாலி 4150 போன்றவற்றில் நான்கு துளைகளும் ஏறக்குறைய ஒரே அளவு.

சிலிண்டர் ஹெட்டின் ஆண்டும் முக்கியம். தொடக்க கால ஹெட்களில் மேனிஃபோல்டைப் பிணைக்கப் பன்னிரண்டு போல்ட். 1987 முதல் வார்ப்பிரும்பு ஹெட்களில் நடு போல்ட்களின் கோணம் மாறியது. 1996-இல் வந்த வோர்டெக் ஹெட்களுக்கு எட்டு போல்ட் மட்டுமே. 1968 வரை பல கார்களில் எண்ணெய் ஊற்றும் குழாய் மேனிஃபோல்டின் முன்புறம் இருந்தது. அவற்றுக்கு மேனிஃபோல்டு வாங்கும்போது அந்தக் குழாய்க்கான துளை உள்ளதா என்று பார்க்க வேண்டும். பிரேக் பூஸ்டருக்கான வெற்றிட இணைப்பு, சோக்கின் இடம், பானெட்டுக்கு அடியில் உள்ள உயரம் ஆகியவற்றையும் முன்பே அளந்துகொள்ள வேண்டும்.

உலோகமும் வெப்பமும்

அலுமினியத்தின் அடர்த்தி வார்ப்பிரும்பினதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அதனால் முன்பகுதி எடை குறையும். கார்புரேட்டருக்கு அடியில் புகைவாயு செல்லும் வழி, குளிரில் பெட்ரோல் ஆவியாக உதவுகிறது. குளிர்ப் பகுதியில் அன்றாடம் ஓடும் காரில் அதை அடைக்கக் கூடாது. குழாய்களுக்கும் எஞ்சின் பள்ளத்துச் சூடான எண்ணெய்க்கும் இடையே காற்று புகும் ஏர்-கேப் வகை, கலவையைக் குளிர்ச்சியாக வைத்துத் திறனைக் கூட்டும். ஆனால் கடுங்குளிரில் எஞ்சின் சூடேற நேரமாகும்.

பொருத்துதல்

ஹெட்டையோ பிளாக்கையோ முன்பு செதுக்கியிருந்தால் மேனிஃபோல்டு சரியாக உட்காராது. அதற்கேற்ப அதையும் செதுக்க வேண்டும். போல்ட்களை நடுவிலிருந்து வெளிப்புறமாகப் படிப்படியாக முறுக்க வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு, கேஸ்கட் ஓரங்களில் காற்றுக் கசிவு இல்லை என்று உறுதிசெய்த பிறகே கார்புரேட்டரைச் சரிசெய்ய வேண்டும். கசிவோடு செய்யும் எந்தச் சரிசெய்தலும் நிலைக்காது.