குடை இலவசம்!

உங்களைக் கப்பலில் ஏற்றி கொழும்பில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறேன் என்கிறார் ஒருவர். டிக்கெட்டுக்குக் காசு வேண்டாமாம். போதாக்குறைக்கு, ஏறும்போது கையில் ஒரு புதுக்குடையும் தருகிறார். வேண்டாம் என்பீர்களா?

பதிலைக் கடைசியில் சொல்லுங்கள். அதற்குள் நாம் சங்கரன்கோவில் வரை ஒரு நடை போய்வந்துவிடலாம்.

அங்கே எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி இருக்கிறார்கள். அவர் காலமெல்லாம் கணக்கு எழுதியே ரிட்டையரானவர். அந்தம்மா டீச்சராக இருந்தவர். பிள்ளைகள் வெளியூரில். ஓய்வுபெற்ற கையோடு அண்ணாச்சி செய்த முதல் காரியம், ஒரு பழைய வேனை வாங்கியதுதான். பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டு ஒரு மெத்தை, சின்ன கேஸ் அடுப்பு, ரெண்டு தண்ணீர் கேன். அவ்வளவுதான், வீடு சக்கரத்தில் ஏறிவிட்டது! வெள்ளைக்காரன் லட்சக்கணக்கில் செலவழித்துச் செய்வதை இவர் பட்டறையில் வைத்தே முடித்துவிட்டார். ஒவ்வொரு வருஷமும் ஆடித்தபசுக் கூட்டம் வடிந்ததும் வண்டியைக் கிளப்பிவிடுவார்கள்.

"தம்பி, இந்தத் தடவை தூத்துக்குடி. அங்க என்ன பாக்கலாம்?" என்று போன் வந்தது.

கழுகுமலையில் பாறையைக் குடைந்த வெட்டுவான் கோவில், கோவில்பட்டியில் கடலைமிட்டாய், எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீடு என்று வழியிலேயே பட்டியல் நீளும். தூத்துக்குடிக்குள் நுழைந்தால் பனிமய மாதா கோயில். முத்துக்காக வந்த போர்ச்சுக்கீசியர்கள், 1658-ல் அவர்களிடமிருந்து ஊரைப் பிடித்த டச்சுக்காரர்கள், அப்புறம் ஆங்கிலேயர்கள் என்று மூன்று கொடிகளைப் பார்த்த ஊர் அது. எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியாகச் சொன்னேன்: "அண்ணாச்சி, பழைய துறைமுகம் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் சும்மா நில்லுங்க. நீங்க கணக்கு எழுதினவரு. அங்க ஒரு கணக்கு பாக்கி நிக்குது."

அது என்ன கணக்கு?

நூறு வருஷத்துக்கு முந்தைய தூத்துக்குடியை நினைத்துப்பாருங்கள். கரையோரம் ஆழம் கிடையாது. பெரிய கப்பல்கள் சில மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். வியாபாரிகளும், இலங்கைத் தோட்டங்களுக்குப் பிழைக்கப் போகிறவர்களும் படகில் போய்த்தான் கப்பல் ஏற வேண்டும். அந்தக் கப்பல் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்குச் சொந்தம். அவன் சொன்னதுதான் கட்டணம்.

ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வக்கீல் வ.உ.சிதம்பரம் பிள்ளை இதில்தான் கை வைத்தார். 1906 அக்டோபரில் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவர். முதலில் வாடகைக் கப்பல் ஓட்டினார்கள். கப்பல் கொடுத்தவர்களை வெள்ளைக்காரன் மிரட்டிப் பின்வாங்க வைத்தான். வ.உ.சி. பம்பாய்க்குப் போனார். 1907-ல் 'காலியா', 'லாவோ' என்று இரண்டு சொந்தக் கப்பல்கள் வந்து சேர்ந்தன. ஊரே திருவிழாவானது.

அப்புறம் ஆரம்பித்தது சண்டை. பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்கியது. சுதேசிக் கம்பெனி எட்டணா என்றது. 'எங்களுக்குக் காசே வேண்டாம், குடையும் தருகிறோம்' என்றது எதிர்க்கடை!

பி.காம். படித்தவன் என்ற முறையில் ஒரு விஷயம் சொல்கிறேன். கப்பல் நிறைந்து போனாலும் காலியாகப் போனாலும் நிலக்கரி அதே நிலக்கரிதான், மாலுமிச் சம்பளம் அதே சம்பளம்தான். எதிராளிக்கு வேறு பாதைகளில் நிறையக் கப்பல்கள். இங்கே விட்ட காசை அங்கே எடுத்துவிடுவான். நம்மவர்களுக்கு முழுப் பிழைப்பும் இந்த ஒரே பாதையில். ஆகவே இலவசம் என்பது தர்மம் இல்லை. எதிரி மூச்சுத் திணறும்வரை காத்திருப்பதற்கு ஆகும் செலவு. சந்தையில் பெரிய கை இப்படி விலையை அடித்து இறக்கிப் போட்டியாளரை ஒழிப்பதை, 2002-ல் வந்த போட்டிச் சட்டம் தவறு என்கிறது. ஆனால் 1907-ல் சட்டத்தைக் கையில் வைத்திருந்ததே வெள்ளைக்காரன்தானே!

கட்டணத்தால் முடியாததைக் கைவிலங்கு முடித்தது. 1908-ல் கோரல் மில் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்கு வ.உ.சி. துணைநின்றார். தொழிலாளர்கள் ஜெயித்தார்கள். மார்ச் 12-ம் தேதி அவரைக் கைது செய்தார்கள். தண்டனை இரண்டு ஆயுள், மொத்தம் 40 வருஷம். மேல்முறையீட்டில் அது குறைந்தது என்றாலும், கோவைச் சிறையில் மாட்டுக்குப் பதில் அவர் செக்கிழுத்தார். வெளியே டைரக்டர்களில் சிலருக்கு அவருடைய அரசியலே பிடிக்கவில்லை. 1911-ல் கம்பெனியை மூடினார்கள். 1912 கடைசியில் அவர் விடுதலையானபோது, கடலில் அவர் கப்பல் ஒன்றுகூட இல்லை.

ஒரு வாரம் கழித்து அண்ணாச்சியிடமிருந்து மறுபடியும் போன். வேனைக் கடற்கரைச் சாலையில் நிறுத்தி டீ போட்டார்களாம். எதிரே மாலத்தீவுக்குப் போகும் தோணியில் சரக்கு ஏறிக்கொண்டிருந்தது. கொழும்புக்குக் கப்பல் உண்டா என்று விசாரித்திருக்கிறார். 2011 ஜூனில் ஒன்று தொடங்கியதும், நவம்பரிலேயே நின்றுபோனதும் அப்போதுதான் தெரிந்ததாம்.

எல்லாக் கதையையும் மனைவிக்குச் சொன்னாராம். அந்தம்மா கேட்டது ஒரே கேள்வி: "என்னங்க, 25 ரூபா போட்டவங்களுக்குப் பணம் திரும்ப வந்துச்சா?"

"தெரியலைன்னு சொன்னேன் தம்பி. ரொம்ப நேரம் பேசவே இல்ல. அப்புறம், 'நாம அன்னைக்கு இருந்திருந்தா எந்தக் கப்பல்ல ஏறியிருப்போம்?'னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க அண்ணாச்சி?"

சிரித்தார். "பொய் சொல்ல மனசு வரல. பங்கு வாங்கியிருப்பேன், கைதட்டியிருப்பேன். ஆனா மாசக் கடைசியா இருந்தா, குடையை வாங்கிக்கிட்டு அவன் கப்பல்லதான் ஏறியிருப்பேன்னு சொல்லிட்டேன்."

வரலாறு என்றால் தலைவர்களின் கதை என்று நினைக்கிறோம். அந்தக் கரையில் குடையை வாங்கியவர்களும் இருந்தார்கள், எட்டணா கொடுத்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. 2011-ல் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வ.உ.சி. பெயர் வைத்தார்கள். வைக்க வேண்டியதுதான். ஆனால் குடையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மடியை அவிழ்த்து எட்டணாவை எண்ணிக் கொடுத்தானே ஒரு ஏழை, அவனுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

சரி, இப்போது சொல்லுங்கள். நீங்கள் எந்தக் கப்பலில் ஏறுவீர்கள்?