முதியோரிடம் கற்க வேண்டிய சமூகப்பணி

ஒக்டோபர் 1 ஆம் திகதி சர்வதேச முதியோர் தினமாகும். அன்று முதியோருக்குப் பொன்னாடை போர்த்திப் பரிசுப்பொதி வழங்குகின்றோம். இத்தகைய வைபவத்துக்குச் சமூகப்பணி மாணவரை அழைத்துச் செல்வது களப்பயிற்சி ஆகிவிடாது. முதியோர் என்போர் உதவி பெறுவோர் மாத்திரமே என்ற எண்ணத்தையே அது அவர்களிடம் வலுப்படுத்தும்.

வயதைக் காரணமாகக் கொண்டு ஒருவரைக் குறைத்து மதிப்பதை 'வயதுப் பாகுபாடு' என்பர். அமெரிக்க மருத்துவர் ரொபர்ட் பட்லர் 1969 இல் இதற்குப் பெயரிட்டார். உலகில் இருவரில் ஒருவரிடம் இம்மனப்பான்மை இருப்பதாக உலக சுகாதார அமைப்பு 2021 இல் அறிவித்தது. சட்டம், கல்வி, தலைமுறைகளுக்கு இடையிலான தொடர்பு ஆகிய மூன்றையும் அது பரிகாரமாக முன்வைத்தது.

இலங்கையில் 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் உண்டு. 2012 குடிசன மதிப்பீட்டின்படி 60 வயதைக் கடந்தோர் 12.4 வீதத்தினர். தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம் 2005 முதல் சமூகப்பணிப் பட்டப்படிப்பை நடத்தி வருகின்றது. சட்டமும் பட்டமும் இருந்தால் போதாது. மாணவரின் மனப்பான்மையும் மாற வேண்டும்.

செங்கலடி - பதுளை வீதியிலுள்ள கரடியனாற்றை எடுத்துக்கொள்வோம். படுவான்கரையின் முதியவர்கள் 1978 சூறாவளியையும் 2007 இடப்பெயர்வையும் கடந்து வந்தவர்கள். வயலையும் குளத்தையும் கால்நடையையும் அறிந்தவர்கள். தாய்மார் மத்திய கிழக்குக்கு வேலைக்குச் சென்ற வீடுகளில் பேரப்பிள்ளைகளை வளர்ப்போரும் அவர்களே. இத்தகையோரிடம் படிவத்தை நிரப்பிக்கொண்டு திரும்பும் மாணவன் எதனைக் கற்கப் போகின்றான்?

அனுபவம், மீள்சிந்தனை, கருத்துருவாக்கம், மீண்டும் செயல் என அனுபவவழிக் கற்றலின் படிகளை டேவிட் கோல்ப் 1984 இல் விளக்கினார். மங்கலான கண்ணாடி அணிந்து முதுமையை நடித்துப் பார்ப்பதோடு பயிற்சி நின்றுவிட்டால் முதுமை குறித்த அச்சமே மிஞ்சக்கூடும். ஒரே முதியவரைப் பல வாரங்கள் சந்தித்தல், அவருடன் சேர்ந்து ஒரு வேலையைச் செய்தல், தன் எண்ணம் எங்கே பிழைத்தது என எழுதி விரிவுரையாளருடன் கலந்துரையாடுதல் ஆகியனவே பயன் தரும்.

தமிழ் மாணவர் ஏறாவூரின் முஸ்லிம் முதியவரையும், முஸ்லிம் மாணவர் கரடியனாற்றின் தமிழ் முதியவரையும் நாடிச் செல்வது மேலும் சிறந்தது. வயல்களில் இரு சமூகத்தவரும் இணைந்து உழைத்த காலத்தை நேரில் கண்டவர்கள் அவர்கள். அந்த நினைவுகள் அவர்களோடு மறைந்துவிடுமுன் இளையோர் செவிசாய்க்க வேண்டும். களப்பயிற்சியை வகுப்போர் இதனைக் கவனத்திற் கொள்வார்கள் என நாம் எதிர்பார்க்கின்றோம்.