குற்றாலநாதர் தலையில் ஐந்து விரல்

அருவியின் இரைச்சலை விட்டுக் குற்றாலநாதர் கோயிலுக்குள் நுழைந்தால் மூலிகைத் தைலத்தின் வாசம். மூலவருக்குத் தினமும் தைலம் சாத்துகிறார்கள். ஏன் என்று கேட்டால், "சாமிக்குத் தலைவலி" என்பார்கள், பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பற்றிச் சொல்வதுபோல.

தலைவலியைக் கொடுத்தவர் அகத்தியர். தலக்கதைப்படி இங்கே முதலில் இருந்தவர் பெருமாள். திருநீறு பூசி வந்த குறுமுனியை உள்ளே விடவில்லை. முனிவர் இலஞ்சிக்குப் போனார். அங்கிருக்கும் முருகன் சொன்ன யோசனைப்படி நாமம் தரித்துத் திரும்பி வந்தார். பூசைப் பொருள் எடுத்துவர மற்றவர்களை அனுப்பிவிட்டு, பெருமாள் தலையில் கைவைத்து "குறுகு, குறுகு" என்று அழுத்த, நெடியவர் லிங்கமாகக் குறுகினார். ஸ்ரீதேவி குழல்வாய்மொழி அம்மையானாள், பூதேவி பராசக்தியானாள். அழுத்திய விரல்களின் தடம் லிங்கத்தின் மேல் இன்னும் இருப்பதாக ஐதீகம்.

கையால் ஆக்கப்பட்ட உருவென்றால் அதில் ஓர் அடையாளம் வைக்காமல் கதைசொல்லிகளுக்குத் தூக்கம் வராது. பார்வதி திரட்டிச் செய்த பிள்ளைக்கு யானைத்தலை. கிரேக்கர்களின் வெண்கல மனிதன் தாலோஸுக்குக் கணுக்காலில் ஆணி. பிடுங்கினால் உயிர் வடிந்துவிடும். யூதர்களின் களிமண் மனிதன் கோலெமுக்கு நெற்றியில் எழுத்து. ஓரெழுத்தை அழித்தால் பழையபடி மண். 1818இல் மேரி ஷெல்லி தன் நாவலில் படைத்த உருவத்துக்கு மஞ்சள் பூத்த தோல்தான். கழுத்து போல்ட்டை மாட்டிவிட்டது 1931இல் வந்த ஹாலிவுட் படம்.

மேல்நாட்டு அடையாளங்களெல்லாம் வீழ்த்துவதற்கோ, கண்டு ஓடுவதற்கோ உதவுபவை. குற்றாலத்துக்காரர்கள் அந்தத் தடத்தில் எண்ணெய் தேய்க்கிறார்கள். தெக்கத்தி வைத்தியம்!

கதையை வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. 7ஆம் நூற்றாண்டிலேயே ஞானசம்பந்தர் இதைச் சிவத்தலமாகப் பாடிவிட்டார். தலபுராணம் பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டுக்காரர். தென்காசியை ஒட்டிய மேலகரம்தான் அவர் ஊர். குற்றாலக் குறவஞ்சியும் அவருடையதே. இடையில் ஆயிரம் ஆண்டு. சைவ வைணவப் பூசலின் நிழல் கதையில் படிந்திருக்கிறது என்று ஊகிக்கத் தோன்றுகிறது. பூசல் இருந்த இடத்தில் இப்படியொரு வேடிக்கையும் முளைத்திருக்கிறது.

உருமாறியவரின் பழைய அடையாளமும் முழுதாக மறையவில்லை. கோயில் சங்கு வடிவத்தில் இருக்கிறது. சங்கக் கோயில் என்றே ஒரு பெயர். உள்ளே, அருவிக் குளிர் தாங்க வேண்டுமே என்று, அர்த்தசாமத்தில் சுக்கும் மிளகும் போட்ட கஷாயம் சாமிக்குப் படைக்கிறார்கள்.