மக்ரோரி கோப்பையும் கேவன் பள்ளியும்

அயர்லாந்துத் தீவின் வடபகுதிக்கு அல்ஸ்டர் என்று பெயர். ஒன்பது கவுண்டிகள் அடங்கிய பழைய மாகாணம் அது. கவுண்டி என்பதை நம் மாவட்டத்தைப் போன்றதெனக் கொள்ளலாம். பாரதியார் தம் குருமணியாகப் போற்றிய நிவேதிதா தேவியார் பிறந்த டங்கானன் என்னும் சிற்றூர் இம்மாகாணத்தைச் சேர்ந்ததே. இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆண்டுதோறும் ஒரு வெள்ளிக் கோப்பைக்காகப் பந்தாடுகின்றனர். மக்ரோரி கோப்பை என்பது அதன் பெயர். கேவன் நகரத்துப் பள்ளி ஒன்று 1972-ஆம் ஆண்டில் அக்கோப்பையை வென்றது. மறுபடியும் அதை வென்றது 2015-ஆம் ஆண்டில். இடையே கழிந்தவை 43 ஆண்டுகள். அப்பள்ளியின் கதையையும், அந்த நெடுங்காலத்தில் உண்மையில் காத்திருந்தவர் யார் என்பதையும் சற்று ஆராய்வோம்.

முதலில் ஆட்டத்தைப் பற்றிச் சில சொற்கள். கேலிக் கால்பந்து என்னும் இவ்வாட்டம் நாம் அறிந்த கால்பந்தும் அன்று, ரக்பியும் அன்று. பக்கத்திற்குப் பதினைந்து பேர் ஆடுவர். பந்தைக் கையாற் பிடிக்கலாம். ஆனால் நான்கு அடிக்கு மேல் கையிலேயே ஏந்தி ஓடலாகாது. தரையில் ஒருமுறை தட்டியோ, கால் நுனியால் உதைத்து மீண்டும் கையில் வாங்கியோ முன்னேற வேண்டும். எச் என்னும் ஆங்கில எழுத்தின் வடிவில் நிற்கும் கம்பங்களின் குறுக்குச் சட்டத்திற்குக் கீழே பந்து புகுந்தால் கோல். அதற்கு மூன்று புள்ளி. மேலே பறந்தால் ஒரு புள்ளி. 2025-ஆம் ஆண்டில் தொலைவிலிருந்து அடிக்கும் பந்திற்கு இரண்டு புள்ளி என்று ஒரு புதுவிதியும் சேர்ந்தது. கோல்களையும் புள்ளிகளையும் தனித்தனியே எழுதுவது அவர்கள் மரபு. 2-11 என்றால் இரண்டு கோல், பதினொரு புள்ளி; மொத்தம் பதினேழு.

இவ்வாட்டத்தை ஒழுங்குபடுத்தி வளர்த்த சங்கம் 1884-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று, டிப்பரரி கவுண்டியின் தர்லஸ் என்னும் ஊரில், ஓர் உணவு விடுதியில் பிறந்தது. மைக்கேல் கியூசக் என்னும் ஆசிரியர் அதன் மூலகர்த்தா. ஆங்கிலேயர் ஆட்சியில் மங்கிக் கொண்டிருந்த அயர்லாந்தின் சொந்த ஆட்டங்களைக் காப்பதே நோக்கம். நம் நாட்டிலே அந்நியத் துணியை விலக்கியது போன்று, அங்கே அந்நிய ஆட்டங்களை விலக்கினர். சங்கத்தைச் சேர்ந்தவர் கிரிக்கெட், கால்பந்து, ரக்பி, ஹாக்கி ஆகியவற்றை ஆடவும் கூடாது, பார்க்கவும் கூடாது என்ற விதி 1971 வரையில் நீடித்தது. நாட்டின் குடியரசுத் தலைவராயிருந்த டக்ளஸ் ஹைட் அவர்களே ஒரு கால்பந்தாட்டத்தைக் காணச் சென்ற குற்றத்திற்காக 1938-இல் சங்கத்தின் புரவலர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார்! கடுமை சற்று மிகையென்றே தோன்றுகிறது. ஆயினும் அச்சங்கத்தில் ஆடுவோர்க்குக் கூலி கிடையாது. சொந்த ஊருக்கும் சொந்தக் கவுண்டிக்கும் ஆடுவதே வழக்கம். ஊர்ப்பற்று இவ்வாட்டத்தோடு பிரிக்க முடியாதபடி கலந்திருப்பதற்கு இதுவே காரணம்.

இனிப் பள்ளிக்கு வருவோம். செயின்ட் பாட்ரிக் கல்லூரி என்பது அதன் பெயர். கல்லூரி என வழங்கினும் அது உயர்நிலைப் பள்ளியே. கில்மோர் மறைமாவட்டத்துக் கத்தோலிக்க ஆயர்களின் ஆதரவில் எழுந்தது. 1874-ஆம் ஆண்டு முதல் கேவன் நகரத்தை ஒட்டிய குன்றின்மேல் நடந்து வருகிறது. அக்காலத்தில் சுற்றுப்புறத்துக் கிராமங்களிலிருந்து பையன்கள் இங்கே விடுதியில் தங்கிப் படித்தனர். குளிரும் மழையும் மிகுந்த நாட்டில், வீட்டை விட்டு வந்த பிள்ளைகளுக்கு மாலைப்பொழுதின் ஒரே விடுதலை பந்தாட்டக்களம்தான்.

1920-களில் பள்ளிகளுக்கிடையே கோப்பைப் போட்டி வேரூன்றியது. கோப்பைக்குப் பெயர் தந்த ஜோசப் மக்ரோரி, 1928-இல் அர்மாவின் பேராயராகவும் மறு ஆண்டு கர்தினாலாகவும் உயர்ந்தவர். முதற் சில பத்தாண்டுகளில் கோப்பை பெரும்பாலும் கேவன், அர்மா, மொனகன் ஆகிய ஊர்களின் பள்ளிகளிடமே சுற்றி வந்தது. இறுதியாட்டம் மார்ச் 17-ஆம் நாள், அதாவது அயர்லாந்தின் காவற் புனிதரான பாட்ரிக்கின் திருநாளன்று நடைபெறுவது முன்பு மரபாயிருந்தது. நம் ஊரில் பொங்கலன்று மஞ்சுவிரட்டுக்குக் கூடுவது போன்று அந்நாளில் அல்ஸ்டர் மக்கள் மைதானத்தில் கூடினர்.

அப்பள்ளி பயிற்றுவித்த இளைஞர்களே பின்னர்க் கவுண்டி அணியின் முதுகெலும்பாயினர். அவர்களுள் தலைசிறந்தவர் ஜான் ஜோ ஓரைலி. 1918-இல் பிறந்தவர், படையில் அதிகாரியாகப் பணிபுரிந்தவர், பள்ளியிற் பந்து பழகிய அவர் 1947, 1948 ஆகிய ஈராண்டுகளிலும் கேவன் கவுண்டிக்குத் தலைமை தாங்கி அகில அயர்லாந்து வெற்றியை ஈட்டித் தந்தார்.

அவ்விரண்டில் முதலாவது ஆட்டத்தைப் பற்றி வானொலி நேயர்களுக்குச் சொல்லாமல் விட இயலாது. 1847-ஆம் ஆண்டு அயர்லாந்தின் பெரும்பஞ்சம் உச்சத்தை எட்டிய ஆண்டு. உருளைக்கிழங்கு அழுகியதால் உயிரிழந்தோர் பல லட்சம். அமெரிக்காவுக்குக் கப்பலேறியோர் இன்னும் பல லட்சம். கேவன் கவுண்டியின் மக்கள்தொகை 1841-இல் சுமார் 2,43,000. அதன் பின் நூறாண்டுக்கு மேலாக அது குறைந்துகொண்டே வந்தது. பஞ்சத்தின் நூற்றாண்டு நினைவாக, 1947 செப்டம்பர் 14 அன்று, அகில அயர்லாந்து இறுதியாட்டத்தை நியூயார்க் நகரத்தின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில் நடத்தினர். அயர்லாந்துக்கு வெளியே அவ்விறுதியாட்டம் நடந்தது அந்த ஒருமுறைதான். கேவனும் கெர்ரியும் மோதின. வெயிலோ கொடியது, தரையோ பேஸ்பால் ஆட்டத்திற்கென அமைந்தது, அதன் நடுவே மண்மேடு ஒன்றும் இருந்தது.

ஊரிலிருந்தோர் அவ்வாட்டத்தை வானொலி மூலமே அறிய முடியும். மைக்கேல் ஓஹெஹிர் என்னும் இளைஞர் நேர்முக வருணனை செய்தார். ஆட்டம் தாமதமாகத் தொடங்கியதால், அயர்லாந்திற்குச் செல்லும் தொலைபேசித் தொடர்புக்கென வாங்கிய நேரம் முடியும் நிலைக்கு வந்துவிட்டது. ஆட்டமோ முடியவில்லை. ஓஹெஹிர் வருணனைக்கு நடுவிலேயே, இன்னும் ஐந்து நிமிடம் தாருங்கள் என்று, தம் குரலைக் கேட்கும் தொலைபேசி அலுவலர் எவராயினும் அவரை நோக்கி மன்றாடினார். யாரோ ஒருவர் இரங்கினார், இணைப்பு அறுபடவில்லை. கேவன் 2-11, கெர்ரி 2-7 என்ற முடிவு வீடுகளில் கேட்டது. கேவனுக்கு ஆடியவர்களுள் மிக் ஹிக்கின்ஸ் என்பவர் நியூயார்க்கிலேயே பிறந்தவர். போனவர்களின் பிள்ளை ஒருவன், போன இடத்திலேயே, விட்டு வந்த மண்ணுக்காக ஆடியதை மைதானத்திலிருந்த ஐரிஷ் மக்கள் எப்படிக் கண்டிருப்பர் என்பதைத் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மவர்க்கு விளக்க வேண்டியதில்லை.

மறு ஆண்டு, 1948-இல், கேவன் கவுண்டி மீண்டும் அகில அயர்லாந்து வெற்றி பெற்றது. அதே ஆண்டில் செயின்ட் பாட்ரிக் பள்ளியும் பள்ளிகளுக்கான அகில அயர்லாந்துக் கோப்பையை வென்றது. அப்பள்ளியின் பொற்காலம் அது. ஆனால் ஜான் ஜோ ஓரைலி 1952 நவம்பரில், 34-ஆம் வயதில், நோயுற்று மறைந்தார். அவர் பெயரால் எழுந்த நாட்டுப்பாடல் இன்றும் அங்கே பாடப்படுகிறது. கேவன் அகில அயர்லாந்து வெற்றியைக் கடைசியாகக் கண்டதும் அந்த 1952-இல்தான்.

பள்ளி மட்டும் இன்னுமொரு முறை தலைநிமிர்ந்தது. 1972-இல் மாகாணக் கோப்பையையும் அகில அயர்லாந்துப் பள்ளிக் கோப்பையையும் ஒருசேர வென்றது. அப்போது கவுண்டியின் மக்கள்தொகை சுமார் 52,000-க்கு வந்திருந்தது. பஞ்சத்திற்கு முந்தைய தொகையில் நாலில் ஒரு பங்கும் இல்லை. அத்தனை சிறிய மண் அத்தகைய அணியைத் தந்தது வியப்பே. அதற்குப் பின்னர் வந்ததுதான் அந்த நீண்ட மௌனம்.

ஏன் அப்படி ஆயிற்று? பிள்ளைகள் திறமையில் குறைந்துவிட்டனர் என்று சொல்வது எளிது. ஆனால் அது சரியன்று. கல்வி வரலாற்றிலே விடை இருக்கிறது. 1921-இல் தீவு இரண்டாகப் பிரிந்தபோது அல்ஸ்டரின் ஆறு கவுண்டிகள் பிரிட்டனோடு நின்றன. கேவன் உள்ளிட்ட மூன்று, பின்னாளில் குடியரசான தென்பகுதியோடு சேர்ந்தன. ஆட்டம் மட்டும் எல்லையை ஏற்கவில்லை. கோப்பை இருபுறத்துப் பள்ளிகளுக்கும் பொதுவாகவே இருந்தது. வடக்கே 1947-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழைப் பிள்ளைகளுக்கும் உயர்நிலைக் கல்வியைத் திறந்துவிட்டது. நியூரி, டெரி, மகெரா முதலிய ஊர்களின் கத்தோலிக்கப் பள்ளிகள் பெருகி வலுப்பெற்றன. டெரியின் செயின்ட் கொலம்ப் பள்ளி 1965-இல் அகில அயர்லாந்துக் கோப்பையை வென்றது. பிற்காலத்தில் நோபெல் பரிசு பெற்ற கவிஞர் ஷேமஸ் ஹீனி 1950-களில் விடுதியில் தங்கிப் படித்த பள்ளி அது. தெற்கே 1967-இல் இலவச உயர்நிலைக் கல்வி வந்தது. நல்ல காரியம், அதில் ஐயமில்லை. ஆனால் ஊருக்கு ஊர் பள்ளியும் பள்ளிப் பேருந்தும் வந்தபின், கவுண்டி முழுவதன் ஆட்டக்காரப் பிள்ளைகளையும் ஒரே கூரையின் கீழ் திரட்டும் வசதி பழைய விடுதிப் பள்ளிக்கு இல்லாது போயிற்று. ஒரு பள்ளியின் இழப்பு பல்லாயிரம் பிள்ளைகளின் பேறாக அமைந்தது என்றே நான் மதிப்பிடுகிறேன்.

வடக்கே 1969 முதல் 1998 வரை நீடித்த கலவரக் காலத்தையும் மறத்தலாகாது. எல்லை தாண்டிப் பந்தாடச் செல்லும் பிள்ளைகளின் வண்டி, துப்பாக்கி ஏந்திய படைவீரர்களின் சோதனைச் சாவடிகளைக் கடக்க வேண்டியிருந்தது. அந்நிலையிலும் போட்டி தொடர்ந்தது.

இப்போது முன்பு கேட்ட வினாவுக்கு வருவோம். பள்ளி அணி ஆண்டுக்கு ஆண்டு மாறுவது. கவுண்டி அணியில் ஒருவர் பத்துப் பன்னிரண்டு ஆண்டு ஆடலாம். பள்ளிப் பிள்ளைக்கோ இக்கோப்பையை நாடக் கிடைப்பது ஓராண்டு, மிஞ்சினால் ஈராண்டு. ஆகவே எந்தப் பையனும் 43 ஆண்டு காத்திருக்கவில்லை. காத்திருந்தவர்கள் பழைய மாணவர்கள். டப்ளினில் அலுவலகம் செல்வோர், லண்டனில் கட்டட வேலை செய்வோர், நியூயார்க்கில் குடியேறியோர் ஆகிய இவர்களே ஒவ்வோர் ஆண்டும் வசந்தத்தில் ஊர்ச் செய்தியைத் தேடினர். ஆண்டுதோறும் தோற்ற புதுப் பிள்ளைகளின் தோள்மீது, அவர்கள் அறியாத பழைய பெருமையின் பாரமும் ஏறிற்று. 1972-இன் அணிப்படத்தைக் காட்டிக் காட்டி வளர்க்கப்பட்ட பிள்ளைக்கு அது ஊக்கமா, சுமையா என்று தீர்மானிப்பது கடினம்.

2015-ஆம் ஆண்டில் கோப்பை கேவனுக்குத் திரும்பியது. அவ்வணிப் பிள்ளைகளுட் பலர் 1997-ஐ ஒட்டிப் பிறந்தவர்கள். கேவன் கவுண்டி 28 ஆண்டுகளுக்குப் பின் அல்ஸ்டர் பட்டத்தை வென்ற ஆண்டும் அந்த 1997-தான். ஊரெங்கும் நீலக்கொடி பறந்த காலத்தில் தொட்டிலில் கிடந்தவர்கள், பள்ளியின் கடனைத் தீர்த்தனர். 1972-இல் ஆடியவர்கள் அப்போது அறுபதை எட்டியவர்கள். அவர்களுள் சிலர்க்குப் பேரப்பிள்ளைகளே பள்ளி வயதினர். அதன்பின் 2020 நவம்பர் 22 அன்று கவுண்டி அணியும் டோனகாலை வென்று மாகாணப் பட்டம் பெற்றது. கொரோனாத் தொற்றுக் காரணமாக அர்மா மைதானத்தில் மக்கள் கூட்டமே இல்லை. கேவன் மக்கள் வீட்டிலிருந்தபடியே கண்டும் கேட்டும் மகிழ்ந்தனர்.

கோப்பை வென்ற பிள்ளைகளுக்கோ கொண்டாட்டத்திற்கு அவகாசம் மிகுதியாக இல்லை. அந்நாட்டில் பள்ளி இறுதித் தேர்வு ஜூன் மாதத்தில் தொடங்கும். அணியிலிருந்த இறுதி வகுப்பு மாணவர்கள் புத்தகத்தை எடுத்தனர். செப்டம்பரில் அக்களத்தில் வேறு பிள்ளைகள் பயிற்சிக்கு இறங்கினர்.