மெத்தையோடு வந்த வரிசை

1868 ஜனவரி. புரூக்ளினில் எலும்பைத் துளைக்கிற குளிர். மறுநாள் காலை ஒரு தேவாலய வாசலில் டிக்கெட் விற்கப் போகிறார்கள் என்பதால், முந்தின இரவே ஆட்கள் வந்து வரிசை பிடித்துவிட்டார்கள். ஒவ்வொருவனிடமும் ஒரு வைக்கோல் மெத்தை, இரண்டு கம்பளி, ஒரு பையில் ரொட்டியும் இறைச்சியும், ஒரு பாட்டில் விஸ்கி. நடைபாதையில் மெத்தையை விரித்துப் படுத்துக்கொண்டார்கள். குளிர் தாங்காமல் போகவே, அந்தக் குறுகலான தெருவிலேயே சொக்கப்பனை மாதிரி தீ மூட்டிவிட்டார்கள். இரண்டு பக்கமும் மரவீடுகள். போலீஸ் வந்து தீயை அணைக்கப் பார்க்க, கைகலப்பு ஆகிவிட்டது. சண்டையில் முன்வரிசைக்காரர்கள் எழுந்த நேரம் பார்த்துப் பின்னால் கிடந்தவர்கள் மெத்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, வாசலை ஒட்டிய இடங்களில் போட்டு, இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

இத்தனையும் ஒரு மனிதர் மேடையில் நின்று தன் கதையைத் தானே வாசிப்பதைக் கேட்பதற்காக. வாசிக்கப்போனவர் ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ்.

அந்த மெத்தைக்காரர்களில் பலர் டிக்கன்ஸை ஒரு வரிகூடப் படித்திருக்க வாய்ப்பில்லை. அவர்கள் கூலிக்குப் படுத்தவர்கள். மெத்தைக்கும் விஸ்கிக்கும் காசு கொடுத்தவர்கள் வேறு ஆட்கள். டிக்கெட்டை மொத்தமாக வாங்கி, வந்த விலைக்கு விற்கிறவர்கள். அன்றைய அமெரிக்கப் பத்திரிகைகள் அவர்களை ஊகவணிகர்கள் என்று கௌரவமாக எழுதின. நமக்கு அவ்வளவு சுற்றிவளைக்கத் தேவையில்லை. தியேட்டர் வாசலில் கொஞ்சம் வளர்ந்த எவருக்கும் தெரிந்த சொல் போதும்: பிளாக்.

பிளாக் டிக்கெட் டிக்கன்ஸோடு பிறந்தது என்று சொல்லமாட்டேன். அதற்கு முன்பும் நாடகக் கொட்டகை வாசல்களில் இருந்த தொழில்தான். ஆனால் அந்தத் தொழிலின் முழு எலும்புக்கூடும் ஒரே இடத்தில் கண்ணுக்குத் தெரிவது அவருடைய அந்த அமெரிக்க வாசிப்புச் சுற்றுப்பயணத்தில்தான்.

டிக்கன்ஸின் மேலாளர் ஜார்ஜ் டால்பி. பாஸ்டனில் 1867 நவம்பரில் முதல் விற்பனை தொடங்கியபோதே வரிசை ஏறத்தாழ அரை மைல் நீண்டது. எல்லா இருக்கைக்கும் ஒரே விலை: 2 டாலர். முதல் வரிசைக்கும் அதுதான், தூணுக்குப் பின்னால் மூலைக்கும் அதுதான். இன்னும் அதிகம் வைத்திருந்தாலும் விற்றிருக்கும். ஆனால் 25 வருடத்துக்கு முன் அமெரிக்காவுக்கு வந்துபோய், அந்த நாட்டைக் கிண்டலடித்துப் புத்தகம் எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டவர் டிக்கன்ஸ். ஏழைகளுக்காக எழுதுகிறவர் என்ற பெயர் வேறு. இந்த முறை பேராசைக்காரன் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது.

அந்த 2 டாலரில்தான் வந்தது வினை. ஒரு மண்டபத்தில் 2,000 பேர் உட்காரலாம், 2 டாலருக்கு 4,000 பேர் வரத் தயார் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் 2,000 பேராவது 5 டாலர் கொடுக்கவும் தயார் என்றால், ஒவ்வொரு டிக்கெட்டிலும் 3 டாலர் உரிமையாளர் இல்லாமல் கிடக்கிறது. கலைஞர் அதை எடுத்துக்கொள்ளவில்லை. ரசிகன் அதை அனுபவிக்கலாம். ஆனால் அவன் வேலைவெட்டியை விட்டுவிட்டு இரவெல்லாம் நடைபாதையில் படுக்கவேண்டும். படுக்க ஆள் பிடிக்கத் தெரிந்தவன் வந்து அந்த 3 டாலரைப் பொறுக்கிக்கொள்கிறான். பாவம் டால்பி, திட்டெல்லாம் அவருக்கு. நியூயார்க் பத்திரிகை ஒன்று அவரை மர மண்டை என்கிற அர்த்தத்தில் ஏசியது. 2,000 பேர் கொள்ளும் இடத்தில் 4,000 பேரை உட்காரவைக்க முடியாத குற்றத்துக்காக அமெரிக்காவிலேயே அதிகம் வெறுக்கப்படுகிற மனிதர் டால்பிதான் என்று டிக்கன்ஸ் ஊருக்குக் கடிதம் எழுதினார்.

டால்பி சும்மா இருக்கவில்லை. ஆளுக்கு இத்தனை டிக்கெட்தான் என்று வரம்பு வைத்தார். ஊகவணிகர்கள் கூலிக்கு இன்னும் சில ஆட்களைச் சேர்த்துக்கொண்டார்கள். வரிசையின் நடுவில் நிற்பவனிடம் போய், உன் இடத்தைக் கொடு, 20 டாலர் தருகிறேன் என்று பேரம் பேசினார்கள். நியூ ஹேவன் நகரில் நல்ல இருக்கைகளெல்லாம் ஊகவணிகர்களிடம் போய்விட்டன என்று ஊரே கொதித்தது. கண்டனக் கூட்டம், அதற்கு மேயர் தலைமை. டால்பி நேரில் போய் எல்லாருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்துச் சமாளிக்க வேண்டியிருந்தது. கடைசியில் தன் சொந்த உதவியாளர்களில் ஒருவரே டிக்கெட்டை வைத்து வியாபாரம் பார்த்ததும் வெளிச்சத்துக்கு வந்தது. வேலியே பயிரை மேய்ந்த கதை. இதற்கெல்லாம் நடுவில் வசூல் மட்டும் குறையவில்லை. டால்பி கையில் எப்போதும் சோபா திண்டு அளவுக்கு ஒரு மூட்டை இருக்கும். பிரித்தால் முழுக்க காகித நோட்டு. 76 வாசிப்புகள் முடிந்து ஊர் திரும்பும்போது டிக்கன்ஸுக்குச் செலவு போகச் சுமார் 19,000 பவுண்டு மிச்சம். உடம்புதான் போய்விட்டது. இரண்டே வருடத்தில், 1870 ஜூனில், 58 வயதில் இறந்தார்.

இதே விலைக் கணக்குக்கு வேறு விடை கண்ட ஒருவர் டால்பிக்கு 17 வருடம் முன்பே அதே நியூயார்க்கில் இருந்தார். வித்தைக்காட்சி முதலாளி பி.டி. பார்னம். 1850 செப்டம்பரில் ஸ்வீடன் பாடகி ஜென்னி லிண்டை அழைத்துவந்தபோது, முதல் கச்சேரி டிக்கெட்டை அவர் ஏலம் விட்டார். ஏலம் பார்க்க உள்ளே வருவதற்கே பன்னிரண்டரை சென்ட் கட்டணம்! முதல் டிக்கெட்டை 225 டாலருக்கு எடுத்தவர் ஜான் ஜெனின் என்ற தொப்பிக் கடைக்காரர். பார்னமின் காட்சிசாலைக்குப் பக்கத்துக் கடை. மறுநாள் நாடு முழுக்கப் பத்திரிகைகளில் பெயர். தொப்பி பிய்த்துக்கொண்டு விற்றது. அடுத்து பாஸ்டனில் முதல் டிக்கெட் 625 டாலர் வரை ஏறியது. வித்தியாசத்தில் பெரும்பங்கு பார்னமின் பெட்டிக்கே போனது. பிளாக்காரனுக்கு மிஞ்சியது கொஞ்சம்.  ஏலம் விட்டதற்காகப் பேராசைக்காரர் என்று யாராவது தூற்றினாலும் பார்னம் அதற்கும் ஒரு டிக்கெட் போட்டிருப்பார்.

இந்த இரண்டு பேரும் இன்றுவரை மேடைக்குப் பின்னால் நின்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது என் எண்ணம். எல்லாருக்கும் கட்டுப்படியாகிற விலை வைத்தால் டால்பியின் தலைவலி. கூட்டம் கொடுக்கிற விலையைக் கேட்டால் பார்னம் என்ற பெயர்.

பிளாக்காரனுக்கு ஆங்கிலத்தில் நிலைத்துவிட்ட பெயர் ஸ்கால்ப்பர், மண்டைத்தோலை உரிக்கிறவன். அது கொட்டகையில் பிறந்த பெயர் அல்ல, ரயிலில் வந்தது. அந்தக் கால அமெரிக்க ரயிலில் தூரப் பயணச் சீட்டு, மைல் கணக்கில் பார்த்தால் மலிவு. நடுவழியில் இறங்குகிறவன்கூடக் கடைசி ஊருக்கே சீட்டு வாங்கி, மிச்சப் பயணத்தை ஸ்டேஷன் வாசலில் ஒரு தரகனிடம் விற்றுவிட்டுப் போவான். தரகன் அதை இன்னொருவனுக்கு, ரயில் கம்பெனி விலையைவிடக் குறைத்துக் கொடுப்பான். அதாவது முதல் ஸ்கால்ப்பர்களால் பயணிக்கு லாபம். தோல் உரிந்தது கம்பெனிக்கு. பெயர் கொட்டகை வாசலுக்கு வந்தபோது உரிபடுகிற மண்டை மாறிவிட்டது.

சட்டம் சும்மா இருக்குமா? நியூயார்க் மாநிலம் 1922-ல், அச்சிட்ட விலைக்கு மேல் 50 சென்ட்தான் வைத்து விற்கலாம் என்று வரம்பு கட்டியது. 1927-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதைத் தூக்கி எறிந்தது. நாடக டிக்கெட் விலை அரசு தலையிடும் அளவுக்குப் பொதுநலம் சார்ந்ததல்ல என்றது. எதிர்த்து எழுதியவர்களில் நீதிபதி ஹோம்ஸும் ஒருவர். இதற்கிடையில் நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயில் டிக்கெட் கவுண்டர்காரனுக்கே கைக்குள் கொஞ்சம் தள்ளி நல்ல இருக்கைகளைப் பின்வாசல் வழியாக எடுப்பது வழக்கமாகியிருந்தது. அந்த லஞ்சத்துக்கு அங்கே வைத்த பெயர் ஐஸ். நம்மூரில் ஐஸ் வைப்பது வாயால் முடிகிற காரியம், அங்கே நோட்டால்.

இணையம் வந்தபின் மெத்தை மட்டும்தான் மாறியது. கலிபோர்னியாக் கும்பல் ஒன்று, மனிதன்தானா என்று சோதிக்கிற எழுத்துக் கட்டங்களைத் தாண்டக் கணினி நிரல் எழுதி, ஆயிரக்கணக்கான இணைப்புகளை ஒரே நேரத்தில் வரிசையில் நிறுத்தியது. 2010-ல் வழக்குப் பதிவானபோது கணக்கு: சுமார் 15 லட்சம் டிக்கெட், 2.5 கோடி டாலருக்கு மேல் லாபம். குளிரில் படுக்க ஆள் வேண்டாம், விஸ்கி வேண்டாம். பாட் எனப்படும் இந்த நிரல்களைத் தடை செய்ய அமெரிக்கா 2016 டிசம்பரில் தனிச் சட்டமே போட்டது. பாட் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. 2022 நவம்பர் 15 அன்று பாடகி டெய்லர் ஸ்விஃப்டின் ஈராஸ் பயணத்துக்கு முன்விற்பனை. முன்கூட்டியே பதிந்து, தேர்வாகி, குறியீடு பெற்ற ரசிகர் மட்டுமே வரலாம் என்பது ஏற்பாடு. வந்தது பாட்களும் அழையாத விருந்தாளிகளும் சேர்த்து 1.4 கோடி, ஒரே நாளில் 350 கோடி கோரிக்கைகள் என்று டிக்கெட் விற்ற டிக்கெட்மாஸ்டர் நிறுவனத் தரப்பு சொன்னது. தளம் திணறியது, பொதுவிற்பனையே ரத்து. டால்பி இருந்திருந்தால் அனுதாபத்தோடு ஒரு கடிதம் போட்டிருப்பார்.

டால்பியா பார்னமா என்கிற அந்தச் சுருக்கிலிருந்து தப்பப் பார்த்தவர்களில் எனக்குப் பிடித்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் கியூர் இசைக்குழுவின் ராபர்ட் ஸ்மித். 2023-ல் சில ஊர்களில் 20 டாலருக்கே டிக்கெட் வைத்தார். கைமாற்ற முடியாதபடி செய்தார், வேண்டாம் என்றால் வாங்கிய விலைக்கே திருப்பி விற்கலாம். நியூயார்க், இல்லினாய்ஸ், கொலராடோ மாநிலங்களில் மட்டும் அது செல்லவில்லை. டிக்கெட்டைக் கைமாற்றும் உரிமையை அங்கே சட்டமே பாதுகாக்கிறது. 20 டாலர் டிக்கெட்டுக்குச் சேவைக் கட்டணம் 20 டாலருக்கு மேல் போனதைப் பார்த்து அவர் பகிரங்கமாகக் கத்த, டிக்கெட்மாஸ்டர் டிக்கெட்டுக்கு 5, 10 டாலர் திருப்பிக் கொடுத்தது. இன்னொருவர் கிராமியப் பாடகர் கார்த் புரூக்ஸ். அவர் வழி பாட்டிமார் பந்தி பரிமாறுகிற வழி. இலை காலியாகவில்லை என்றால் அடுத்த பந்தி. 2014-ல் சிகாகோ அருகே ஒரே அரங்கில் 11 நிகழ்ச்சிகள். நாளைக்கும் மறுநாளைக்கும் டிக்கெட் இருக்கும்போது பிளாக்காரன் எதைச் சொல்லி மிரட்டி விற்பான்? ஆனால் இதற்குத் தொண்டை வேண்டும். 55 வயதில் இருமலும் சளியுமாக மேடை ஏறிய டிக்கன்ஸிடம் அது இல்லை.

பந்தி கூட்டினாலும் பசி அடங்காத ஊர்களும் உண்டு. 2025 ஜனவரியில் நவி மும்பையில் கோல்ட்பிளே இசைக்குழுவின் கச்சேரி. 2,500 ரூபாயிலிருந்து 35,000 ரூபாய் வரை விலை வைத்து, இரண்டு நாளை மூன்றாக்கியும், மறுவிற்பனைத் தளங்களில் லட்சக்கணக்கில் விலை போட்டிருந்தார்கள். அந்த மாதிரிப் பட்டியல்களைப் பார்த்து மலைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். போட்ட விலை என்பது விற்ற விலை அல்ல. கையில் டிக்கெட்டே இல்லாமல், பின்னால் மலிவாகக் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் விலை போட்டு வைப்பவர்களும் அதில் உண்டு. டிக்கெட் என்பது பூக்காரியின் கூடையில் இருக்கிற மல்லிகை. காலையில் அவள் சொல்வதுதான் விலை. அந்தி சாயச் சாய, பேரம் வாங்குபவன் பக்கம் திரும்பும். கச்சேரி தொடங்கிய நிமிடம் அது வெறும் காகிதம். பிளாக்காரனின் பயம் அந்த ஒரு நிமிடம்தான். விற்பனை தொடங்கிய பரபரப்பில் வாங்குகிறவனே அதிகம் உரிபடுகிறான். கூடுதல் நிகழ்ச்சி அறிவிக்கும்வரை பொறுக்கிறவனும், ஒற்றை இருக்கைக்குச் சம்மதிக்கிறவனும், கடைசி நாள் மதியம் பார்க்கிறவனும் பெரும்பாலும் தப்பிக்கிறார்கள். நிஜமாகவே அரிதான கச்சேரியில் இந்த உத்தி கவிழ்த்தும் விடும். அந்தி வரை பூ மிஞ்சினால்தானே.

இதை எனக்குக் கற்றுத்தந்தது புத்தகம் இல்லை, எங்கள் ஊர்த் தியேட்டர். தீபாவளி ரிலீஸ். கவுண்டர் மூடி, ஹவுஸ்ஃபுல் பலகை மாட்டியாயிற்று. லுங்கியை மடித்துக் கட்டிய ஓர் அண்ணன், ஆளைப் பார்க்காமல் தெருவைப் பார்த்தபடி முணுமுணுத்துக்கொண்டு போவார்: "பத்து அம்பது, பத்து அம்பது." பத்து ரூபாய் டிக்கெட் ஐம்பது என்று பொருள். என்னிடம் இருந்தது பதினைந்து. சைக்கிள் ஸ்டாண்டு ஓரமாக நின்றேன். முதல் மணி அடித்தது. "பத்து முப்பது" ஆனது. வாசல் காலியாகிக்கொண்டே வந்தது. உள்ளேயிருந்து விசில் கிளம்பியதும் அண்ணன் நேராக என்னிடம் வந்தார்.

"எவ்ளோ வச்சிருக்க?"

"பத்துதான்ணே."

முறைத்தார். சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தபோது டிக்கெட் வியர்வையில் நனைந்திருந்தது. "ஓடு, பேர் போட்டுட்டான்" என்றார். மிச்ச ஐந்து ரூபாய்க்கு இடைவேளையில் முறுக்கும் கோலி சோடாவும் வாங்கினேன்.