மேகத்துக்குள் ஒரு குலுக்கல்

பள்ளி விடுமுறைக்குப் பேரன் கடலூர் வந்திருந்தான். கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் விளையாட்டு வைத்திருக்கிறான். "தாத்தா, பாண்டிச்சேரியிலேர்ந்து உங்களைச் சிதம்பரம் கூட்டிப் போறேன்" என்றான். லாசுப்பேட்டையில் கிளம்பினோம். இடப்பக்கம் கடல், பெண்ணையாறு, கெடிலம் தாண்டியதும் கருமேகத்துக்குள் புகுந்தான். திரை குலுங்கியது. நான் நாற்காலிக் கையை இறுகப் பிடித்ததைப் பார்த்துச் சிரித்தான். அவனுக்கு நான் சொன்ன கதை இது.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த நாளில் செந்த்-எக்சுபெரியின் 'வோல் த நுய்' படித்தோம். 1931இல் வந்த நாவல். தபால் விமானி ஃபபியான் இரவுப் புயலில் சிக்கித் திரும்பாமலே போகிறான். அன்று எனக்கு அது வெறும் பாடம்.

அமெரிக்காவில் அது நிஜமாகவே நடந்தது. 1934இல் ராணுவ விமானிகளிடம் தபால் சுமக்கும் வேலையைக் கொடுத்தார்கள். பனியிலும் மேகத்திலும் பறந்து பழகாதவர்கள். சில மாதங்களில் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். மேகத்துக்குள் மேல் எது, கீழ் எது என்று உடம்புக்குத் தெரியாது. காதிலுள்ள சமநிலை உணர்வே ஏமாற்றும். கருவிகளை மட்டுமே நம்ப வேண்டும்.

அதைத் தரையிலேயே பழக்க ஒரு பெட்டி இருந்தது. எட்வின் லிங்க் 1929இல் செய்தது. அவர் அப்பா ஆர்கன் வாத்தியம் செய்பவர். அந்தத் துருத்திகளை வைத்தே பெட்டியை ஆட்டினார். முதலில் அதை வாங்கியவை பொழுதுபோக்குப் பூங்காக்கள்தான்! சாவுகளுக்குப் பிறகே ராணுவம் ஆறு பெட்டிகள் வாங்கியது. பின்னால் வந்த பெட்டிகளில் காற்றுக் குலுக்கலுக்கென்றே தனிப் பொறி வைத்தார்கள்.

மேகம் ஏன் குலுக்குகிறது? நீராவி துளியாகும்போது உள்ளிருந்த வெப்பம் வெளிவருகிறது. காற்று சூடாகி மேலேறுகிறது; பக்கத்திலேயே மழையோடு குளிர்காற்று இறங்குகிறது. இரண்டும் உரசுமிடத்தில் சுழல்கள். நம் ரோத்தம் நரசிம்மா பெங்களூரில் தண்ணீர்த் தொட்டிக்குள் மின்சாரத்தால் சூடேற்றி இந்த மேகத்தைச் செய்து காட்டினார். ஆய்வு 2011இல் வெளிவந்தது.

அதே ஆண்டு டிசம்பர் 30 விடியலில் தானே புயல் நம்மைத் தாக்கியது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் சாய்ந்ததை நாம் மறப்போமா? அந்தப் புயலை ஓட்டியதும் இதே வெப்பந்தான்.

கணினியில் குலுக்கலைக் கொண்டுவர, தாறுமாறான எண்களைக் கணக்குப்படி வடிகட்டுவது பழைய முறை. டிரைடன், வான் கார்மன் பெயரில் அந்தக் கணக்குகள் உண்டு. பேரன் வைத்திருப்பது 2020இல் வந்த மைக்ரோசாஃப்ட் விளையாட்டு. செய்தவர்கள் பிரான்சின் போர்தோ நகரத்து அசோபோ நிறுவனத்தார். வானிலைக் கணிப்பு சுவிட்சர்லாந்தின் பாசலிலிருந்து வருகிறது.

விளையாட்டுப் பெட்டியாகப் பிறந்து, உயிர் காத்து, மறுபடி விளையாட்டாகி என் வீட்டுக்கே வந்துவிட்டது.

கதை முடிந்ததும் பேரன் மீண்டும் கிளம்பினான். வெள்ளாற்றுக்கு முன்னால் மேகம் வந்தது. இந்த முறை சிரிக்கவில்லை. கருவிகளைப் பார்த்தே ஓட்டினான். சிதம்பரம் போய்ச் சேர்ந்தோம்.