பனிக்காலத்துக்கும் ஒரு தோட்டம்

வட ஐரோப்பியரின் வீட்டுத் தோட்டம் நெடுங்காலம் கோடைக்கே உரியதாய் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில், செல்வர்தம் மாளிகை முன்றில்களில் வெப்பநாட்டுச் செடிகளைக் கம்பளம் விரித்தாற்போல் நெருங்க நட்டு வண்ணக்கோலம் காட்டுவது பெருவழக்காயிற்று. முதல் உறைபனி வீழ்ந்ததும் அக்கோலம் கருகி அழியும். அடுத்த ஆண்டுக்கான நாற்றுகளைக் கண்ணாடிக் கூடங்களில் நெருப்பிட்டுக் காக்க வேண்டும். கூடமும் எரிபொருளும் கூலியாளும் இல்லாதவனுக்கு அத்தகைய தோட்டமும் இல்லை. இவ்வழக்கத்தைக் கடிந்து இங்கிலாந்தில் வில்லியம் ராபின்சன் 1870இல் நூல் எழுதினார். ஜெர்மனியில் எளிய வீட்டுக்காரனுக்கும் உறைபனி தாங்கும் தோட்டம் கிட்டச் செய்தவருள் முதன்மையானவர் கார்ல் ஃபோர்ஸ்டர்.

அவர் 1874இல் பெர்லினில் பிறந்தார். தந்தையார் வில்ஹெல்ம் ஃபோர்ஸ்டர் பெர்லின் வானாய்வகத்தின் தலைவர். மகனோ மண்ணை நாடினார். 1903இல் பெர்லினில் நாற்றுப்பண்ணை தொடங்கியவர், சில ஆண்டுகளில் போட்ஸ்டாம் நகரை அடுத்த போர்னிமில், உழுநிலமாய்க் கிடந்த இடத்தில் வீடும் தோட்டமும் அமைத்தார். குளிர்தாங்கும் பூச்செடிகளைப் பற்றிய அவரது நூல் 1911இல் வெளிவந்தது.

ஆண்டு முழுதும் பசுமை காணும் நாட்டினர்க்கு இதன் அருமை எளிதில் விளங்காது. குளிரில் பல்லாண்டுச் செடியின் மேற்பகுதி மடியும். வேர் மண்ணுக்குள் உறங்கும். அதனைக் கொல்வது பெரும்பாலும் குளிர் மட்டுமன்று. நீர் தேங்கிய மண்ணில் வேர் அழுகும். மண் உறைந்தும் இளகியும் மாறிமாறி வருங்கால், வேர் மேலே தள்ளப்பட்டுக் காய்ந்துபோகும். தடித்துப் படிந்த வெண்பனியோ போர்வையாய் நின்று காக்கும். ஆகவே நீர் வடியும் மண், உதிர்ந்த இலைகளின் மூடாக்கு, அவ்விடத்துக் குளிரைத் தாங்கவல்ல செடி ஆகிய இவையே அங்குத் தோட்டக்காரனின் முதற்கவலை. ஃபோர்ஸ்டர் தம் பண்ணையில் செடிகளை ஆண்டுக்கணக்கில் சோதித்து, நலிந்தவற்றை இரக்கமின்றி விலக்கினார். அவர் உருவாக்கிய வகைகள் 300க்கும் மேற்பட்டவை.

ஆண்டை நான்காகவன்றி ஏழு பருவங்களாகப் பகுத்துக் கண்டவர் அவர். பனிக்காலமும் அவற்றுள் ஒன்று. எனவே அதற்கும் காட்சி வேண்டும். கிறிஸ்துமஸையொட்டி மலரும் ஹெல்லிபோரஸ், இலையற்ற கிளையில் மஞ்சள் பூவை ஏந்தும் ஹமமேலிஸ், என்றும் பசுமையான ஊசியிலை மரங்கள் ஆகியன அதற்குத் துணையாகும். இவற்றினும் புதுமையானது புல். இலையுதிர் காலத்திலேயே உலர்ந்தவற்றை வெட்டித் துப்புரவாக்கும் பழக்கத்தாருக்கு, காய்ந்த புல்லை நிற்க விடுவது சோம்பலாகவே பட்டிருக்கும். உறைபனி படிந்த அதன் கதிர்களில் அவர் அழகைக் கண்டார். அத்தாள்கள் அடியிலுள்ள வேருக்கும் காப்பாகும். 1957இல் புற்களையும் பெரணிகளையும் பற்றித் தனிநூலே எழுதினார்.

இடையில் இருபெரும் போர்கள் வந்தன. போட்ஸ்டாமின் ஆற்றுத் தீவொன்றில் அவரது முயற்சியால் எழுந்த செடிக் காட்சித் தோட்டம் இரண்டாம் போரில் சிதைந்து, 1950களில் மீண்டும் அமைக்கப்பட்டது. போர்னிம் தோட்டமோ நிலைத்தது. ஃபோர்ஸ்டர் 1970இல், 96ஆம் வயதில் மறைந்தார். நாற்றுப்பண்ணை 1972இல் கிழக்கு ஜெர்மனி அரசின் உடைமையாயிற்று. வீட்டையும் தோட்டத்தையும் அவர் மகள் மரியானே 2010இல் தாம் இறக்கும்வரை பேணினார். கார்ல் ஃபோர்ஸ்டரின் பெயரைத் தாங்கிய நெடும்புல் ஒன்று, 2001இல் அமெரிக்கப் பல்லாண்டுச் செடி வளர்ப்போர் சங்கத்தின் ஆண்டுச் செடியாகத் தேர்வு பெற்றது. கோடையில் பூக்கும் அதன் கதிர், வைக்கோல் நிறமேறிப் பனியிலும் நிமிர்ந்து நிற்கும். வசந்தம் நெருங்கும்போதுதான் அதை அடியோடு வெட்டுவார்கள்.